தாளிக்காத காம்பவுண்டு

வரிசையாக இருந்ததுதான் நாகஜோதியை உறுத்தியது. பாப்பாவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, தையல்காரர் கோடு போட்டுக்கொண்டு ஊசி ஏற்றின மாதிரி ஒன்று, அதை ஒட்டி ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று என்று சிவப்பாய்த் தடித்திருந்தது. அம்மன் முத்துப் போட்டால் இப்படியா வரிசை பார்த்துப் போடுவாள். சின்னப் பிள்ளையில் ஜோதிக்கு அம்மை போட்டிருந்தபோது நெஞ்சு, முதுகு, உச்சந்தலை, காதுக்குள்கூட என்று கைக்கு வந்த இடமெல்லாம் வாரி இறைத்திருந்தாளே, ஒவ்வொரு முத்திலும் தண்ணீர் கோத்துக் கண்ணாடி மணியாக நின்றதே, மேலெல்லாம் அடுப்பாகக் கொதித்ததே. பாப்பாவுக்குக் கொதிப்பு இல்லை. இப்போதுகூடப் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள், வாழைத்தண்டு மாதிரிக் குளுகுளுவென்றுதான் இருந்தது. தண்ணீரும் கோக்கவில்லை. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். ச்சீ, என்ன நினைப்பு இது, வந்திருக்கிறவளைப் போய்ச் சோதிக்கிறதா என்று பயந்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட கை கீழே இறங்குவதற்குள் கண் மறுபடியும் அந்த வரிசைக்கே போனது. கட்டிலில் விரித்த வேட்டியில், பரப்பின வேப்பிலையின்மேல் பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. நிலைப்படியில் வேப்பங்கொத்து காய்ந்து சுருண்டு போயிருந்தது. அதை மாற்ற வேண்டும். மதினி சொல்லியிருக்கிறாள். மதினி சொன்னால் சொன்னதுதான்.

நாலைந்து நாளைக்கு முன்னால், காலையில், பாப்பாவின் கையை முதலில் பார்த்ததே மதினிதான். பஞ்சவர்ணம் மதினி, ஜோதியின் புருஷன் சோலைராஜின் அக்கா. பார்த்ததும் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டு, "ஆத்தா வந்துட்டாடி" என்றாள். அடுத்த நிமிஷம் முற்றத்துக்குப் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, குழாயடியில் இருந்தவர்கள், பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுக்கு அம்மா வந்துருக்கா. யாரும் தாளிச்சிராதீங்கத்தா. வறுக்காதீங்க, பொரிக்காதீங்க. அவ போற வரைக்கும் நாக்கக் கட்டுங்க" என்று அறிவித்தாள். ஒரு வீட்டிலும் மறுபேச்சு இல்லை. காம்பவுண்டு முழுக்க அன்றையிலிருந்து கடுகு வெடிக்கவில்லை. வீட்டுக்காரர்கூட, வாடகை கேட்டு வந்தால் கதவைப் பிளக்கிற மனுஷன், அன்றைக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு இளநீரை வைத்துவிட்டுப் போனார். எப்படித்தான் அப்படி நிற்க முடிகிறதோ. நடு முற்றத்தில், முந்தானையைக்கூடச் சரிசெய்யாமல், ஒரு வார்த்தைக்குத் திணறாமல். ஜோதிக்குக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போவதற்கே, இந்தப் பக்கம் யாரும் இல்லையா, அந்தப் பக்கம் யாரும் இல்லையா என்று கதவிடுக்கில் பார்த்துவிட்டுத்தான் கால் வெளியே வரும். கல்யாணமாகி வந்த புதிதில் எதிர்வீட்டு செல்லக்கனி அக்கா, "ஏம்ப்பா சோலை, பொண்ணு கட்டிட்டு வந்தேன்னு சொன்ன, பொண்ண எங்கப்பா?" என்று கேட்டே ஒரு மாசம் சிரித்தாள்.

இப்போதும் செல்லக்கனி அக்காவின் குரல்தான் முற்றத்திலிருந்து வந்தது. "நெசமாவா சொல்ற பஞ்சு? அம்புட்டையுமா?" "பின்ன, பாதியவா குடுப்பாக?" இது மதினி. "புள்ளைக்கு எறங்கி நல்லபடியாத் தலைக்குத் தண்ணி ஊத்தணும், என் தலமுடிய உனக்குத் தாரேன்னு நேந்துட்டேன். வெயில் தாழ பஸ்ஸு ஏறிருவேன். ராத்திரி கோயில்ல படுத்து, விடிஞ்சதும் மொட்டை. அவ கைக்கு அது போயிட்டா, புள்ள மேல உள்ளத எடுத்துருவா." "பாவி மக, அந்த முடியவா." "மயிருதானடி." மயிருதானாம். மதினியின் முடியை அவிழ்த்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் தரையில் சுருண்டு கிடக்கும். கட்டினவன் விட்டுவிட்டுப் போனபோது எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தவள், இது ஒன்றைத்தான் வைத்துக்கொண்டாள் என்று சோலைராஜ் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைத்துவிடுவது ஜோதியின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவளாகப் போய் எடுத்துக்கொண்டது. பேசவே வராத வாய்க்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் கொஞ்சம் பேச்சு வரும், மதினி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால். கோடாலி முடிச்சுப் போட்டு எழுந்து மதினி நடக்கும்போது, தெருவே நின்று பார்த்தாலும் திரும்பாமல் நடக்கிற அந்தக் கழுத்து. அந்த முடியைக் கத்தி வைத்து, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அதுவும் எதற்காக. வரிசையாக இருக்கிறதே, வரிசையாக.

ஜாக்கெட் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பார்த்தாள். அவள் யாரிடமும் காட்டவில்லை. அவளுக்கும் இருந்தது. பாப்பாவோடு கட்டிலில் படுக்கிறவள் அவள்தானே. எனக்கும் அம்மா வந்துட்டா என்று சொன்னால் பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பது, பிரித்துப் படுக்கவைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு திரிந்தாள். தடிப்பு ஜாக்கெட் கை முடிகிற இடத்தில் ஆரம்பித்தது. கை முடிகிற இடத்தில், சரியாக, தையல் ஓரத்தை ஒட்டி. உள்ளே ஒன்றுகூட இல்லை. பாப்பாவுக்கும் சட்டைக்குள் இல்லை, கழுத்து, கை, கெண்டைக்கால், திறந்து கிடக்கிற இடம் மட்டும். அம்மன் ஜாக்கெட் பார்த்தா முத்துப் போடுவாள்? தரையில் பாய் விரித்துப் படுக்கிற மதினிக்கு ஒன்றும் இல்லை. அதுவும் காலையில் எழுந்தால்தான் புதிதாக இருக்கும், பகலில் ஒன்றுகூடப் புதிதாக வருவதில்லை, பகலில் அவள் எங்கே போகிறாள்? தப்பு தப்பு தப்பு. கண்ணை மூடிக்கொண்டு பாப்பாவின் பக்கத்தில் சாய்ந்தாள். மூக்கு மெத்தையின் ஓரத்தில் பட்டது. வேப்பிலை வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை வந்தது. அழுகின மல்லித்தழை மாதிரி, பச்சையாக, இனிப்பாக, வயிற்றைப் புரட்டுகிற மாதிரி. அவள் அசையாமல் கிடந்தாள். மூக்குக்கு இது தெரியும். புத்திக்குத்தான் எட்ட மாட்டேன் என்றது. எங்கே, எங்கே என்று தேடி, நூல் மில்லுக்குப் போய் நின்றது. ஆறாம் வகுப்போடு நிறுத்தி மில்லில் சேர்த்துவிட்டார்கள், அங்கே தங்கவைத்த கொட்டடியில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கட்டில், அவளுக்கு அடிக்கட்டில். அந்தக் கட்டிலில் இதே வாசனை. மேல்கட்டில் ராசாத்தி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "புள்ள, நேத்து ஒன் மாப்பிள்ளைமாரு எத்தன பேரு வந்தாக?" என்று கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். வார்டன் அம்மா வியர்க்குரு என்று பவுடர் கொடுத்தாள். ஜோதி பவுடரை வாங்கிக்கொண்டாள். இல்லைங்க மேடம், மூட்டைப்பூச்சி என்று சொல்ல அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவளுக்குத்தான் வாய் வரவில்லை.

மூட்டைப்பூச்சி. நினைத்தேவிட்டாள். வீடு இடியவில்லை. நிலைப்படிக் கொத்து ஆடக்கூட இல்லை. அரிப்பெடுத்தால் பாப்பாவுக்குத் தடவிவிட வைத்திருந்த வேப்பங்குச்சியை எடுத்து, வேட்டியை மெதுவாக ஒதுக்கினாள். வேட்டியின் அடிப்பக்கத்தில், பாப்பா புரண்ட இடத்தில், துருக்கறை மாதிரி சின்னதாக ஓர் இழுப்பு. இதைக் காலையில் வெற்றிலைச் சாறு என்று நினைத்துத் தள்ளியிருந்தாள், இந்த வீட்டில் வெற்றிலை போடுகிறவர்களே இல்லை. மெத்தையின் ஓரத் தையல் நெடுகக் கருப்புப் புள்ளி, பேனா முனையை ஊன்றி ஊன்றி எடுத்த மாதிரி. ஊதினாள், பறக்கவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், மையாய்க் கலைந்து இழுபட்டது. தூசி என்றால் உதிரும். இது ஊறினது. மூலையில், தையல் மடிப்புக்குள் குச்சியை விட்டு நெம்பினதும் எள்ளுத் தோல் மாதிரி வெறுங்கூடு இரண்டு மூன்று மெத்தையில் விழுந்தது. உள்ளே ஆள் இல்லாத சட்டைகள். ரவைக் குருணை மாதிரி வெள்ளையாய் ஒட்டிக்கிடந்ததும் ரவை இல்லை. அதற்கும் அடியில், விரல் நகம்கூட நுழையாத மடிப்பில், கொள்ளு ஒன்று கிடந்தது. கொள்ளு நடந்தது.

கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை தட்டையாய் இருந்துகொண்டு ஓர் உயிரா. ஒரு நூல் இடம் கொடுத்தால் அதற்குள் குடும்பம் நடத்துகிறது. கொசு பாடிக்கொண்டு வரும், ஈ மொய்த்துக்கொண்டு வரும், எறும்பு ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். இது ஒரு சத்தம் போடாது. எல்லாரும் தூங்கட்டும் என்று காத்திருந்து, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய் மடிப்புக்குள் பதுங்கிக்கொள்கிறது. சோறு இல்லாவிட்டாலும் மாசக்கணக்காய்க் கிடக்குமாம், ராசாத்தி சொல்வாள். என்ன பொறுமை. என்ன அடக்கம். வெளிச்சம் பட்டதும் அது காலை இழுத்துக்கொண்டு தையலுக்குள் போகப் பதறின பதற்றத்தைப் பார்த்தபோது ஜோதிக்குச் சட்டென்று முகம் சுட்டது. யாராவது வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போவாளே, அதே பதற்றம். சாமி என்று கும்பிட்டது உன்னையா, கூச்சம் பிடிச்ச கழுதை, ஒரு காம்பவுண்டையே கட்டிப்போட்டியே. குச்சியால் அதைத் தள்ளித் தள்ளிப் பாப்பாவின் பால்பவுடர் மூடிக்குள் இறக்கினாள். வழுவழுப்பில் ஏற முடியாமல் அது சுற்றிச் சுற்றி வந்தது, அவளுடைய யோசனை மாதிரியே.

சொல்லலாம். எப்படிச் சொல்ல. கட்டில் மதினி கொண்டு வந்தது. சமைக்கப் போகிற லேடீஸ் ஆஸ்டலில் இரும்புக் கட்டில் வாங்கிவிட்டு மரக்கட்டிலை எல்லாம் கழித்தபோது, பச்சை உடம்புக்காரி தரையில் படுக்கலாமா என்று கேட்டு வாங்கி வந்தாள். ட்ரைசைக்கிளில் கட்டிலை ஏற்றி, மெத்தையைப் போட்டு, அதன்மேல் தானே ஏறிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ராணி மாதிரி தெருவுக்குள் வந்தாள். "எங்க தம்பி பொண்டாட்டிக்குத் தொட்டி கட்டில் வருது, வழி விடுங்கய்யா" என்று கத்தின கத்தலில் டீக்கடையில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஜோதிக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. அன்றைக்கு இரவு அந்த மெத்தையில் முதுகு சாய்த்தபோது அழுகையும் வந்தது, அவளுக்கென்று இதுவரை யாரும் எதையும் அப்படி ஊரறியக் கொண்டுவந்ததில்லை. அந்தக் கட்டிலைப் போய், மதினி, நீங்க குடுத்தது பூச்சிக் கட்டில் என்று. முடியாது. சோலைராஜுக்குப் போன் போடலாம், கேரளாவுக்கு லோடு போயிருக்கிறான், எடுத்தாலும் அக்காகிட்ட கேளு என்பான். சத்தம் போடாமல் சுடுதண்ணீர் ஊற்றிப் பூச்சியைக் கொன்றுவிட்டு, பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்று நாளைக்குச் சொல்லலாம், எல்லாருக்கும் மரியாதை. ஆனால் முடி. மறுபடியும் வளரும். வளருமா, நாற்பதைத் தாண்டினவளுக்கு அந்த நீளம் வளருமா. அம்மன் கோபித்துக்கொண்டால்? வராதவள் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறாள்? ஒருவேளை வந்திருந்தால்? வந்திருந்தால் ஜாக்கெட்டுக்குள்ளும் வந்திருப்பாள். நினைப்பு செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டு அதே இடத்தில் வந்து நின்றது. மில்லில் வாங்கிக்கொண்ட அந்தப் பவுடர் டப்பாவின் தாழம்பூ வாசனை மூக்கில் ஏறியது. பாப்பா தூக்கத்திலேயே கழுத்தைச் சொறிந்தது, நகம் பட்டுத் தடிப்பின் மேல்தோல் கிளம்பி, குண்டூசித் தலை அளவுக்கு ரத்தம் எட்டிப் பார்த்தது.

நிழல் விழுந்தது. மதினி உள்ளே வந்தாள். ஜோதி மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "மஞ்சத்துணிய எங்க வெச்ச ஜோதி?" என்று கேட்டுக்கொண்டே மதினி கொடியில் கிடந்ததைத் தானே எடுத்து மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். நாலைந்து நாளாய்ச் சீப்புப் படாத முடி, தேன்கூடு மாதிரி பிடரியில் தொங்கியது. தாளிக்காத குழம்பும் தரைப் படுக்கையுமாய்க் கன்னம் ஒட்டியிருந்தது. கட்டில் பக்கம் குனிந்து, பாப்பாவைத் தொடாமல், காற்றிலேயே கையால் வழித்துத் தன் நெற்றியில் முறித்துக்கொண்டாள். "நாளைக்கு வந்து நிக்கும்போது ஒன் மக என்னயப் பாத்து, யாருடா இந்த ஆம்பளைன்னு அழுவா பாரு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கை பின்னால் போய் அந்தக் கொண்டையை ஒருதரம் தாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டது. அந்தக் கையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். "மதினி" என்றாள் ஜோதி. "என்ன?" உள்ளங்கைக்குள் பூச்சி குறுகுறுவென்று சுற்றியது. "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா?" "ஆமா, பெரிய காசிப் பயணம். போடி." மதினி படி இறங்கிவிட்டாள்.

பை உரசுகிற சத்தம். செருப்பு மாட்டுகிற சத்தம். செல்லக்கனி அக்கா, "நல்லபடியாப் போயிட்டு வா பஞ்சு, ஆத்தாகிட்ட என் மூட்டுவலியையும் சொல்லு" என்பது கேட்டது. முற்றத்தைத் தாண்ட எத்தனை நேரம் ஆகும், குழாய், துவைக்கிற கல், கேட். ஜோதி எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. கதவிடுக்கில் பார்க்கவில்லை. வேப்பங்கொத்து தலையில் இடிக்க, வெயிலுக்குள் வந்து நின்றாள். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"மதினி, போகாதீங்க."

அவள் குரலை அத்தனை சத்தமாகக் காம்பவுண்டு அன்றைக்குத்தான் கேட்டது. மதினி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "புள்ளைக்கு என்ன? என்னடி, சொல்லு!"

ஜோதி கையைத் திறந்தாள். "ஆத்தா வரல மதினி. இதுதான் வந்துருக்கு. மெத்தை ஓரம் பூராம் இருக்கு. எனக்கும் கடிச்சிருக்கு, பாருங்க." முந்தானையை ஒதுக்கிக் கையைக் காட்டினாள், எல்லாருக்கும் முன்னால். "கட்டில்லதான் இருக்கு. நீங்க குடுத்த கட்டில்ல."

செல்லக்கனி அக்கா எட்டிப் பார்த்து, "ஏ ஆத்தாடி, மூட்டப்பூச்சி!" என்று இரண்டு எட்டுப் பின்னால் போனாள். மதினி போகவில்லை. மூடியை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், மோந்தாள். ஜோதியின் கையைப் பிடித்துத் திருப்பி, தடிப்பின் வரிசையை விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டாள். அவள் கண் கலங்குவதை ஜோதி பார்த்துவிட்டாள், அய்யோ சொல்லியிருக்கக் கூடாதோ என்று உள்ளே எல்லாம் சரிந்தது.

"இந்த நாயிக்காடி நான் இத்தன நாளு உப்புச்சப்பில்லாம தின்னேன்?" என்றாள் மதினி.

"நீ மட்டுமா தின்ன? காம்பவுண்டே தின்னுச்சு" என்றாள் செல்லக்கனி அக்கா. "நல்ல வேள, மூட்டப்பூச்சிக்கு மொட்ட போட்டவன்னு ஒனக்குப் பேரு விழாமப் போச்சு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மதினி சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். அந்த நேரத்திலும் யாரையும் பார்த்துக் கூசவில்லை, முற்றத்துக்குத் திரும்பி அதே இடுப்பில் அதே கையை வைத்து, அம்மனை அறிவித்த அதே குரலில், "நல்லாக் கேட்டுக்கங்கத்தா, நான் ஆஸ்டல்லருந்து தூக்கிட்டு வந்த கட்டில்ல மூட்டப்பூச்சி. அவுகவுக வீட்டு மெத்தையையும் பொரட்டிப் பாத்துக்கங்க. அடுப்புல சுடுதண்ணி போடுங்க, அண்டா அண்டாவா வேணும்" என்றாள். அவ்வளவுதான். எந்த வார்த்தையை நினைத்து ஜோதி மத்தியானம் முழுக்கச் செத்துப் பிழைத்தாளோ, அந்த வார்த்தையை மதினி ஈரத்துணி உதறுகிற மாதிரி உதறிக் காயப்போட்டுவிட்டாள்.

"நேந்தது, மதினி?" ஜோதி பயந்துகொண்டே கேட்டாள்.

"எறங்கணும்னுதான நேந்தேன், ஏறவே ஏறாதத அவ எங்கிட்டு எறக்குவா? ஒரு வெள்ளிக்கிழமை போயி பூமுடியா நுனியில கொஞ்சம் குடுத்துக்கிறேன். அது எனக்கும் அவளுக்கும். நீ கட்டில் தலமாட்டப் பிடி."

பாப்பாவைச் செல்லக்கனி அக்கா வாங்கிக்கொண்டாள். மதினி கால்மாட்டைப் பிடித்தாள், ஜோதி தலைமாட்டை. வாசல் குறுகல், ஒருத்தர் பின்பக்கமாய்த்தான் நடக்க வேண்டும். ஜோதி நடந்தாள், முதுகை முற்றத்துக்குக் காட்டிக்கொண்டு, முந்தானை இடுப்பில் செருகியது செருகினபடி இருக்க. கட்டிலை வெயிலில் சாய்த்து நிறுத்தியதும் சட்டத்தின் பொந்துகளிலிருந்து கொள்ளு கொள்ளாய் உதிர்ந்து, நிழல் தேடி நாலாபக்கமும் ஓடியது. பாவம், அதுகளுக்கு ஓட இடமில்லை. முற்றம் முழுக்க வெயில்.

தண்ணீர் கொதிக்கிறவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று மதினி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொண்டையை உருவினாள். சிக்குப் பிடித்த முடி சரிந்து கல்லைத் தாண்டித் தரையில் விழுந்தது. "சீப்ப எடுத்துட்டு வா ஜோதி." "இங்கனயா மதினி? எல்லாரும் பாக்குறாகளே." "பாக்கட்டும்." ஜோதி சீப்பை எடுத்து வந்தாள். நுனியிலிருந்து ஆரம்பித்தாள். செல்லக்கனி அக்காவின் தோளில் பாப்பா விழித்துக்கொண்டு யார் யாரையோ பார்த்துக் கையை ஆட்டியது. எதிர்வீட்டு அடுப்பில் யாரோ எண்ணெயைக் காயவிட்டிருந்தார்கள். பொறுக்க முடியவில்லைபோல. படபடவென்று கடுகு வெடித்தது, கறிவேப்பிலை சீறியது, அடுத்த வீட்டிலும் ஒரு கரண்டி சத்தம். பாப்பா தும்மியது. ஜோதி தலையை நிமிர்த்தவே இல்லை, ஆனால் மறைந்துகொள்வதற்காக இல்லை. சிக்கு அவ்வளவு இருந்தது.